கோணக் கண் வண்டி

ஆவடி டிப்போவில் பெயிண்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் தான் அடித்த பெயிண்டைத் தானே சுரண்டி, அதற்கும் சேர்த்துச் சம்பளம் வாங்கிய புண்ணியவான் நான் ஒருத்தன்தான். பெயர் கோதண்டம், ஊர் சேக்காடு. உன் கதையை எழுது என்று யாரும் என்னைக் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற அளவுக்கு நான் எதையும் வெட்டி முறிக்கவும் இல்லை. எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம் எரிச்சல். டிப்போவின் கோடியில் இருக்கிற கொட்டகையில் ஒரு பழைய கவச வண்டி நிற்கிறது. அதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை கட்டிவிடுகிறான். ஜப்பான்காரன் ஓட்டிய வண்டி என்கிறான் ஒருத்தன். உள்ளே முனி குடியிருக்கிறது என்று இன்னொருத்தன் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போகிறான். முனியாவது, மண்ணாங்கட்டியாவது! அந்த வண்டியில் இருக்கிற மர்மம் அத்தனையும் என் கை செய்த கோளாறு.

யுத்தம் வந்ததும் எங்கள் நிலத்தை சர்க்கார் டிப்போவுக்காக எடுத்துக்கொண்டது. அப்பா கேழ்வரகு விதைத்த இடத்திலேயே எனக்கு பெயிண்டர் வேலை கிடைத்தது. கேழ்வரகு விதைக்கவும் எனக்குச் சரியாக வராது என்பதால் நான் பெரிதாக வருத்தப்படவில்லை. அதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய்க் கடைப் பலகை எழுதுவேன், திருவிழாவுக்கு மண்ணில் செய்யும் அம்மனுக்கும் குதிரைக்கும் வண்ணம் அடிப்பேன். தொழில் தெரியும். ஆனால் என் கைக்கு இரண்டு வியாதிகள். முதலாவது, கண் வரைந்தால் இடது கண் மேலே ஏறிக்கொள்ளும். எத்தனை முறை அளந்து கோடு போட்டாலும் சரி, கடைசியில் அது ஏறித்தான் நிற்கும். சேக்காட்டு அம்மனுக்கு நான் கண் திறந்த வருஷம், அம்மன் ஒரு கண்ணால் பக்தர்களையும் மறு கண்ணால் கள்ளுக்கடையையும் பார்ப்பதாக ஊரே சிரித்தது. கரையான்சாவடியில் ஒரு தையல்கடைப் பலகைக்கு கோட்டு போட்ட கனவான் ஒருவரை வரைந்துகொடுத்தேன். கடைக்காரர் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது வியாதி, பெயிண்டில் லின்சீடு எண்ணெயை, அதாவது ஆளிவிதை எண்ணெயை, தாராளமாக ஊற்றிவிடுவேன். பளபளப்பாக வரும் என்று ஓர் ஆசை. பளபளப்பு வரும், பெயிண்ட் காயாது. "நீ அடிச்ச வண்டிய எதிரி சுட வேணாண்டா கோதண்டம், தொட்டாலே ஒட்டிக்குவான், அப்டியே புடிச்சு இட்டாந்துடலாம்" என்பார் தஸ்தகீர் அண்ணாத்தே. அவர் பூந்தமல்லிக்காரர். ஜட்கா வண்டிகளுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தவர், டிப்போவில் கவச வண்டிகளுக்கு சீட்டு தைக்க வந்தார். என்னைத் திட்டுவதற்காகவே இறைவன் அவரை இரண்டு ஷெட் தள்ளி உட்காரவைத்தான் என்று நினைக்கிறேன்.

இனி என் அக்கா பூங்காவனம். சென்னீர்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா பெயர் மணவாளன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் பட்டாளத்தில் சேர்ந்து கவச வண்டி டிரைவர் ஆகிவிட்டார். நாற்பத்து மூன்றில் அவருடைய படைக்குப் புது வண்டிகளை எடுத்துப் போக எங்கள் டிப்போவுக்கே வந்தார். தனக்கு ஒதுக்கிய வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"மச்சான், இதுக்குக் கண்ணத் தொறந்து வுடுடா. குருட்டு வண்டிய நம்பி நான் எப்டிடா போறது?"

"சும்மா இரு மாமா. சார்ஜன்ட் பாத்தான்னா என் தோல உரிச்சு தஸ்தகீர் அண்ணாத்தே கைல சீட்டு தெக்கக் குடுத்துடுவான்."

"அவன் கண்ணுக்குத் தெரியாத எடத்துல தொற."

அப்படி ஓர் இடம் இருந்தது. டிரைவருக்கு முன்னால் ஓர் இரும்பு மூடி உண்டு. சண்டை நடக்கும்போது அதை இறக்கிவிட்டு, அதில் இருக்கிற சின்னப் பிளவு வழியாகப் பார்த்து ஓட்ட வேண்டும். மற்ற நேரத்தில் மேலே தூக்கி நிறுத்திவிடலாம். மூடியின் உள்பக்கத்தில் கண் வரைந்தால், தூக்கியிருக்கும்போது அது நேரே சாலையைப் பார்க்கும். இறக்கிவிட்டால் வெளியே இருப்பவனுக்குத் தெரியாது, உள்ளே உட்கார்ந்திருக்கிற டிரைவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் தஸ்தகீர் அண்ணாத்தே வாசலில் காவல் நிற்க, நான் வரைந்தேன். புதிதாகத் திறந்த கண்ணின் முதல் பார்வை மனுஷன் மேல் விழக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் மாமாவின் ஷேவிங் கண்ணாடியை எதிரில் பிடித்துக்கொண்டு கருமணியை வைத்தேன். மாமா பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாடா இது! ஒரு கண்ணு ரோட்டப் பாக்குது, ஒரு கண்ணு மானத்தப் பாக்குது!"

"மானத்துலர்ந்து குண்டு வந்தா அதயும் பாக்க வேணாமா மாமா?" என்றேன் நான். பெரிய புத்திசாலி மாதிரி.

அந்த வண்டிக்குப் பச்சை அடித்தவனும் நான்தான். பச்சை அன்றைக்குப் பாதியில் தீர்ந்துபோனது. ஸ்டோரில் போய்க் கேட்கச் சோம்பல். பாலைவன வண்டிகளுக்கு அடித்து மிஞ்சிய மணல் நிறத்தில் கொஞ்சம் செங்காவியைக் குழப்பி அடிப்பூச்சு முடித்து, மேலாக மட்டும் பச்சையைத் தடவிவிட்டேன். உலகத்தில் வேறு எந்த ராணுவத்திலும் அப்படி ஒரு நிறம் கிடையாது. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானத்தை வாங்கப்போகிறது.

மாமா பர்மா பக்கம் போனார். அடுத்த வருஷம் அக்காவுக்குக் கடுதாசி வந்தது. காணவில்லை என்று ஒரு சொல். செத்தார் என்றும் இல்லை, பிடிபட்டார் என்றும் இல்லை. அக்கா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சண்டை முடிந்து மற்ற ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், மாமா மட்டும் வரவில்லை. மாமாவின் அண்ணன் தசரதன் நல்ல மனுஷன். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவருடைய பெண்ணுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. வீட்டில் ஒரு சாவுக்குக் காரியம் செய்யாமல் கிடக்கும்போது கல்யாணம் எப்படி நடத்துவது என்று உறவுக்காரர்கள் அவரைப் பிடுங்கி எடுத்தார்கள். வைக்கோலில் உருவம் செய்து, கருமாதி முடித்து, அக்காவின் தாலியை இறக்கிவிடுவது என்று பேச்சு வந்தது.

அக்கா தாலியைக் கையில் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். "யாராவது கண்ணால பாத்தீங்களா? அவரு செத்தத கண்ணால பாத்தவன் ஒருத்தன இட்டுகினு வா. நானே கழட்டிக் குடுத்துடறேன். அதுவரிக்கும் எவனாவது கிட்ட வந்தீங்க, நடக்கறதே வேற!"

தசரதன் ஆடி அமாவாசை வரை பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அந்த வருஷம்தான், நாற்பத்து ஆறில், எங்கள் டிப்போவுக்கு வண்டிகள் திரும்பி வரத் தொடங்கின. ஓட்டை விழுந்தது, சக்கரம் இல்லாதது, கருகியது என்று வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு கோடியில் இருந்து கேஸ் கட்டிங் ஆட்கள் வெட்டிக்கொண்டே வந்தார்கள். வெட்டிய இரும்பு காயலான் கடைக்குப் போனது. இந்தக் கூத்துக்கு நடுவில் வந்து சேர்ந்தார் கேப்டன் வில்மாட் துரை. சீமையில் பூமியைத் தோண்டி உடைந்த பானை பொறுக்கியவராம். இங்கேயும் லீவு நாளில் பல்லாவரம் பக்கம் போய்க் கல் பொறுக்கிவிட்டு வருவார். நாலு வண்டிகளையாவது வெட்டாமல் காப்பாற்றிவைக்க வேண்டும், ஒவ்வொன்றும் எங்கே போனது, யாரிடம் இருந்தது, என்ன பட்டது என்று கண்டுபிடித்துப் புத்தகம் எழுத வேண்டும் என்று மேலிடத்தில் சண்டை போட்டு உத்தரவு வாங்கியிருந்தார். காகிதங்கள் எல்லாம் பர்மாவிலேயே மழையில் ஊறிப் போய்விட்டன. அதனால் பெயிண்டைச் சுரண்டிப் பார்ப்பதுதான் வழி என்றார். ஒரு பூச்சுக்கு அடியில் இன்னொரு பூச்சு, அதற்கு அடியில் படையின் குறி, அதற்கும் அடியில் இன்னொரு நம்பர். ஒவ்வொரு பூச்சையும் தனித்தனியாக மெல்லச் சுரண்டி, அந்தத் தூளை மருந்துப் புட்டியில் போட்டு அடைத்துவைப்பார். டிப்போவில் அவருக்கு சுரண்டல் துரை என்று பெயர் விழுந்துவிட்டது.

சுரண்ட ஓர் ஆள் வேண்டும் என்றார். எல்லாரும் வேலையாக இருந்தார்கள். நான் எப்போது பார்த்தாலும் வேலையில்லாதவன் மாதிரித்தான் தெரிவேன், அதனால் என்னைத் தள்ளிவிட்டார்கள். நாலு வருஷம் ராப்பகலாகப் பச்சை அடித்தவன், கையில் உப்புத்தாளும் சின்ன உளியுமாக உட்கார்ந்து அதே பச்சையைக் கொட்ட ஆரம்பித்தேன். நான் லின்சீடு ஊற்றி அடித்த பூச்சுகள்தான் சுரண்ட முடியாமல் படுத்தின. கூட இருந்தவர்களிடம், "எந்த முட்டாப்பய அடிச்சான் இத?" என்று சத்தம் போட்டுக் கேட்டுவைத்தேன்.

மூன்றாவதாக எடுத்த வண்டியில் டிரைவர் மூடியின் உள்பக்கம் வெள்ளை பூசியிருந்தது. மெல்லச் சுரண்டினேன். வெள்ளைக்கு அடியில் ஒரு கறுப்பு வளைவு தெரிந்தது. இன்னும் சுரண்டினேன். ஒரு கண் வந்தது. பக்கத்தில் இன்னொரு கண். இடது கண் மேலே ஏறியிருந்தது.

அப்படியே டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். மாமா உட்கார்ந்த சீட்டு. அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுவதற்குள் துரை தலையை உள்ளே நீட்டிவிட்டார்.

கண்ணைப் பார்த்ததும் மனுஷன் குதித்த குதி இருக்கிறதே! அவர் பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் பேசுவார், பழகப் பழக எனக்கு எல்லாம் புரியும். பர்மாவில் படகு முகப்பில் கண் வரைவார்களாம். அதுவும் இப்படிச் சாய்ந்த கண் அந்த ஊர் ஓவியன் தவிர யாருக்கும் வராதாம். வெளிப்பக்கம் நான் சுரண்டிவைத்திருந்த பழுப்பும் காவியும் கலந்த பூச்சைக் காட்டினார். இந்த நிறம் பிரிட்டிஷ் ஸ்டோரிலேயே கிடையாது, எதிரி அடித்த பெயிண்ட் என்று அடித்துச் சொன்னார். ஆக, இந்த வண்டி முழுசாக எதிரி கையில் சிக்கியிருக்கிறது, அவன் இதை ஓட்டியிருக்கிறான், பிறகு நம் ஆட்கள் மீட்டிருக்கிறார்கள். உலகத்தில் இப்படி ஒரு வண்டி மிஞ்சியிருப்பது அபூர்வம் என்று கை குலுக்கினார்.

நான் மெல்லக் கேட்டேன். "அப்போ இதை ஓட்டிய டிரைவர், துரை?"

"வண்டி முழுசாகச் சிக்கினால், டிரைவரும் உயிரோடு சிக்கியிருப்பான்" என்றார்.

இந்த இடத்தில் யோக்கியனாக இருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? துரை, கண் வரைந்தது நான், பெயிண்ட் கலந்ததும் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை போகும் என்று பயம். அதைவிடக் கேவலமான ஒன்றும் நடந்தது. எனக்கு அவர் சொன்னது பிடித்துப்போய்விட்டது. நான் வரைந்த கண்ணைப் பார்த்து, பர்மாக்காரன் வரைந்ததுதான் என்று அன்றைக்கு முழுவதும் நானே நம்பினேன். என்னவோ அந்த ஊர்க்காரனுக்கும் என் மாதிரியே கைக்கோளாறு இருக்கக் கூடாதா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். கண் அவன் வரைந்தது என்றால் இது மாமாவின் வண்டி என்பதற்குச் சாட்சியே இல்லை என்பதுகூட மண்டையில் ஏறவில்லை. என்னைப் போல ஒரு மடையன் பிறந்துதான் வரவேண்டும்.

நம்பின வேகத்தில் சென்னீர்குப்பத்துக்கு ஓடினேன். மாமா ஓட்டிய வண்டி கிடைத்துவிட்டது, துரையே ஆராய்ச்சி செய்து சொல்லிவிட்டார், உயிரோடு பிடிபட்டிருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். கண் விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். அக்கா உள்ளே போய் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். தசரதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "எந்தம்பி உசுரோட கீறானா? கீறானாடா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். அமாவாசைப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பாயசம் கிடைத்தது. வெட்கமில்லாமல் இரண்டு டம்ளர் குடித்தேன்.

மறுநாள் தஸ்தகீர் அண்ணாத்தே என்னைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் தெரிந்துபோனது.

"பர்மாக்காரன் வரஞ்ச கண்ணாமே? நீ வரயும்போது வாசல்ல நின்னவன் நானு. நான் பர்மாக்காரனா, நீ பர்மாக்காரனா?"

"அண்ணாத்தே, அக்கா ரெண்டு வருசத்துக்கப்புறம் சிரிச்சுதுண்ணே."

"அந்தச் சிரிப்ப யாருடா திருப்பி வாங்கறது? நீயா?" அவர் கத்தவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு சீட்டு தைக்கத் திரும்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வண்டி மேலேயே காட்டினேன். உள்ளே டிரைவர் சீட்டுக்கு வலப்பக்கத்துத் தகடு மட்டும் சுரண்டாமல் பாக்கி இருந்தது. அதில் வெள்ளைப் பூச்சு மற்ற இடத்தைவிடத் தடிமனாக இருந்தது. சுரண்டினேன். வெள்ளைக்குக் கீழே, பள்ளம் நிரவுகிற பட்டி வைத்து மெழுகியிருந்தார்கள். பட்டியைப் பெயர்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக ஒரு வெல்டிங் தழும்பு. உள்ளே புதுத் தகடு. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த இடத்தின் மேல் தண்ணீர் டின் வைக்கிற தாங்கி ஒன்றைப் பற்றவைத்து மறைத்திருந்தது. குண்டு துளைத்த ஓட்டையை எங்கோ ஒரு பட்டறையில் அடைத்து, பூசி, மறுபடி சண்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். டிரைவர் சீட்டுக்கு நேரே ஓட்டை விழுந்த வண்டிகளை டிப்போவில் நிறையப் பார்த்தவன் நான். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நடந்து போனான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆள் இல்லாத இடத்தில் வண்டி கிடந்து, பின்னால் எடுத்து வந்திருப்பார்கள். அதற்குள் உடம்பு என்ன ஆனதோ. அதனால்தான் காணவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

துரை அன்றைக்குச் சாயங்காலம் வரை வரவில்லை. நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். வெள்ளை பெயிண்ட் எடுத்தேன், லின்சீடைத் தாராளமாக ஊற்றினேன், தழும்பின் மேல் கனமாகப் பூசி மூடினேன். சுரண்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா சும்மா இருப்பாளா? வண்டியைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். துரைக்கு யாராவது தன் வண்டிகளைப் பார்க்க வந்தால் வாயெல்லாம் பல். உடனே அனுமதி கொடுத்துவிட்டார். மறுநாள் காலையிலேயே தசரதனோடு வந்துவிட்டாள், புதுப்புடவை கட்டிக்கொண்டு. துரை மேல் மூடியைத் திறந்து, ஒரு மரப்பெட்டியைப் படியாகப் போட்டுக் கொடுத்தார். அக்கா தயங்கவே இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால் குந்தியிருந்தேன்.

ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். எதிரில் தூக்கி நிறுத்தியிருந்த மூடியைக் கைப்பிடியைப் பிடித்து இறக்கினாள். உள்ளே பாதி இருட்டானது. மேல் மூடி வழியாக வந்த வெளிச்சத்தில் இரண்டு கண்களும் அவளுக்கு நேரே நின்றன.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இந்தக் கோணக் கண்ண ஒலகத்துல வேற எவண்டா வரைவான்?"

நான் என் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"நம்ம அம்மனுக்கு வரஞ்ச அதே கண்ணு. அவருதான் வரையச் சொன்னாரா?"

"ஆமாக்கா."

எழுந்திருக்க நினைத்து வலப்பக்கத்துத் தகட்டில் கையை ஊன்றினாள். என் பெயிண்ட். உள்ளங்கை முழுக்க வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தது. கையைப் பிளவு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். தகட்டைப் பார்த்தாள். கை பட்ட இடத்தில் பூச்சு வழித்துக்கொண்டு வந்து, வட்டத் தழும்பில் பாதி வெளியே தெரிந்தது. விரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். அவள் தோளுக்கு நேரே இருந்தது.

"இத எப்போ அடிச்ச?"

"நேத்து."

கத்தியிருந்தால் தேவலை. நாலு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை. மூடியில் இருந்த கண்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூடி எறக்கி இருந்தா, இது அவரத்தான பாத்துகினு இருந்திருக்கும்?"

"ஆமாக்கா."

"அப்போ இது பாத்திருக்குது" என்றாள். வெள்ளை பெயிண்ட் படாத கையால் தாலியைத் தொட்டுக்கொண்டாள். "அமாவாச என்னிக்குடா வருது?"

வெளியே வந்ததும் தசரதன் அவள் முகத்தைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் பக்கத்தில் நின்றாள். "வைக்கோல் பொம்மையெல்லாம் வாணாம் மாமா. கரைக்கறதுக்கு நான் ஒண்ணு தரேன்" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "நீ பூசினியே, அத சுரண்டி எடு. அடி வரிக்கும் சுரண்டு. அவரு ஒடம்பு பட்ட எடம்னு மிச்சம் இருக்கறது அதான்."

நான் துரையிடம் போனேன். கண் என் கை, காவிப் பெயிண்ட் என் கலவை, குண்டு ஓட்டையின் தழும்பை நேற்றுப் பூசி மறைத்தது என் வேலை, ஓட்டியவர் என் மாமா என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் மெதுவாக அந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய புத்தகத்தில் இருபது பக்கமாவது அந்த நிமிஷத்தில் செத்திருக்கும். என்னை வேலையை விட்டுத் துரத்துவார் என்று நின்றேன். அவர் டிரைவரின் பெயரைக் கேட்டார். மணவாளன் என்றேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை. மூன்றாவது தரம் சரியாகச் சொன்னார்.

பிறகு எழுந்து புட்டிகள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் போனார். அந்த வண்டியில் இருந்து எடுத்த புட்டிகளில் இரண்டைத் தேடி எடுத்து, இரண்டையும் ஒன்றில் கொட்டி அடைத்தார். குண்டு பட்ட அன்றைக்கு வண்டியின் மேல் இருந்த பூச்சு இதுதான், என் மணலும் செங்காவியும் பச்சையும். துரை தன் உயிர் மாதிரிக் காப்பாற்றிவைத்திருந்த சாமான். அதை அக்காவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். அக்காவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் நான் என் ஆயுளில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தேன். வெள்ளை, பட்டி, அடியில் துருவேறிய இரும்பு வரை சுரண்டினேன். ஒரு துளி கீழே சிந்தவில்லை. தஸ்தகீர் அண்ணாத்தே தான் தைக்கிற நல்ல தோலில் ஒரு துண்டு வெட்டிச் சின்னப் பை தைத்துக் கொடுத்தார். திட்டவே இல்லை.

ஆடி அமாவாசைக்கு எல்லாரும் ரயிலேறித் திருவள்ளூர் கோயில் குளத்துக்குப் போனோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தசரதன் காரியம் செய்தார். அக்கா தாலியை யாரையும் தொடவிடாமல் தானே கழற்றித் தண்ணீரில் விட்டாள். பிறகு தோல் பையை அவிழ்த்து, புட்டியையும் அதோடு சேர்த்துக் கவிழ்த்தாள்.

சாம்பல் என்றால் கரையும். இது என் பெயிண்ட், லின்சீடு ஊற்றிக் கலந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாது என்று அந்தக் காலத்தில் நான் பெருமையடித்துக்கொண்டது. பச்சையும் காவியும் வெள்ளையுமாகத் தூள் அப்படியே தண்ணீர் மேல் மிதந்தது. அலை அடிக்க அடிக்க அக்காவின் கால் பக்கமே திரும்பி வந்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. கடைசியில் இதிலும் என் கைக்கோளாறா என்று, படியில் இறங்கிக் கையால் தள்ளித் தள்ளிவிட்டேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"தள்ளாதடா. இப்பத்தான வந்தாரு. மெதுவாப் போவட்டும்."